கழுத்துக்கு மேலே ஓமந்தை

என் அம்மாவுக்கு, கமராவைக் கண்டால் சேலைத் தலைப்பால் முகத்தை மூடுகிற என் கோபக்கார அம்மாவுக்கு,

நேற்று உங்கள் முதலாம் ஆண்டுத் திவசம். வாடகைக்கு எடுத்த சோற்றுக் கிடாரங்களைக் காலையில் கழுவிக் கொடுத்தனுப்பிவிட்டு, ஸ்டூடியோவைத் திறக்காமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். படையலில் மற்றவற்றோடு ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு கோப்பை பால் விடாத பிளேன்ரீயும் வைத்தேன். ஐயர் ஒரு மாதிரிப் பார்த்தார். "அம்மா தேயிலைத் தோட்டத்தில பிறந்தவா ஐயா, அவாவுக்கு இது இல்லாட்டி விடியாது" என்றேன். பிறகு அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

ஸ்கந்தபுரத்தில் எல்லோரும் சுகம். கிணற்றுத் தண்ணீர் இந்த முறை அவ்வளவு கீழே போகவில்லை. நீங்கள் வைத்த கறிவேப்பிலை வேலிக்கு மேலே வளர்ந்துவிட்டது. பக்கத்து வளவுக்காரர் கேட்காமலே ஒடித்துக்கொண்டு போகிறார்கள். நானும் கண்டும் காணாதது போல இருக்கிறேன். நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா?

ஆனால், நான் சொல்ல வந்த செய்தி வேறு. உங்கள் செல்லப் பிள்ளை கண்ணனோடு சண்டை பிடித்துவிட்டேன். அதுவும் உங்கள் திவசத்தை வைத்துத்தான் பிடித்தேன். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு முன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். "அக்கா, அம்மாவின்ர பேரில கிளிநொச்சி டவுனில றோட்டில படுக்கிற சனத்துக்குச் சாப்பாடு குடுப்பம்" என்றான். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்ததாகச் சொன்னான்: "வீடியோ எடுக்க ஒராளை ஒழுங்கு பண்ணியிருக்கிறன். நீங்கள் அம்மாவின்ர படம் போட்ட பனரை மட்டும் அடியுங்கோ. வீடியோவைப் பாத்தா, என்னோட வேலை செய்யிற பொடியளும் சேந்து மாசா மாசம் தருவாங்கள்."

அந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். வெளிநாட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால், இன்னொருவருக்கு நினைவுநாள் வந்தால், இங்கே ஏழைகளுக்கு அரிசிப் பை. பின்னால் பனர், முன்னால் கமரா. கொடுப்பவர் பையின் ஒரு பக்கத்தையும் வாங்குபவர் மறுபக்கத்தையும் பிடித்தபடி, படம் எடுத்து முடியும்வரை இரண்டு பேரும் விடாமல் நிற்க வேண்டும். ஒருநாள் என் போனில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, "உவை ஏன் பிள்ளை பையை இழுபறிப்படுகினம்?" என்று கேட்டீர்களே. நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

பனருக்கான படத்தைக் கண்ணன் அனுப்பினான். அங்கேயே யாரிடமோ கொடுத்துச் செய்வித்திருந்தான். 'அமரர் கறுப்பையா இராமாயி' என்று பெரிய எழுத்து. உங்களுக்குச் சிவப்புப் பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. இறந்தவரின் முகத்தை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டுவது என் ஸ்டூடியோவிலும் நடக்கிற வேலைதான். கோட் போட்டே அறியாத எத்தனையோ ஐயாமாருக்கு மரண அறிவித்தலுக்காகக் கோட் போட்டுவிட்டிருக்கிறேன். அதனால் சேலையைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்களைப் பார்த்ததும் மௌஸைப் பிடித்த கை நின்றுவிட்டது. கழுத்துக்குக் கீழே கலியாண வீடு. கழுத்துக்கு மேலே ஓமந்தை.

உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. கண்ணனுக்குத்தான் இல்லை, அவன் அப்போது பாலர் வகுப்புப் பிள்ளை. யுத்தத்தின் கடைசிக் காலம், அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் சுட்ட வெயிலில் தெருவோரம் இருத்தியிருந்தார்கள். வீடில்லை, பாயில்லை, உடுத்திருந்த சேலைக்கு மாற்றில்லை. சாப்பாடு கொடுக்கிறார்கள் என்றதும், யாரோ தந்த தட்டோடு எழுந்து நின்றீர்கள். கண்ணன் உங்களோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நான் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உங்கள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தேன். அப்போது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு மனிதர் உங்கள் முன்னால் வந்து குனிந்து கமராவைத் தூக்கினார்.

கோபம் வந்தால் மட்டும் உங்களுக்குத் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். "ஏன்யா, என்கிட்ட கேட்டியா? கேக்காம ஏன்யா படம் புடிக்கிற?" என்று கத்தினீர்கள். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. சிரித்தார், நன்றி சொல்வது போல நெஞ்சில் கையை வைத்தார், அடுத்த ஆளிடம் போனார். கெட்ட மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

பிறகு நாங்கள் ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி, தறப்பாளால் கூரை போட்ட கொட்டிலில் இருந்த காலம். பக்கத்து வளவு அன்ரி ஒரு கலண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா. "இராமாயி அக்கா, நீங்கள் கலண்டரில வந்திட்டியள்!" பாவம், அவாவுக்கு அப்படியொரு சந்தோஷம். ஒரு மாதம் முழுவதற்கும் நீங்கள்தான், கையில் தட்டோடு. கீழே ஏதோ நல்ல வசனம் எழுதியிருந்தது. உங்கள் பெயர் இல்லை. நீங்கள் அந்தத் தாளைக் கிழித்தெடுத்து நான்காக மடித்து வைத்துக்கொண்டீர்கள். பின்னர் வீட்டில் அலுமாரி வந்ததும் அதைச் சேலைகளுக்கு அடியில் வைத்தீர்கள். அன்றைக்கு அடுப்பு பக்கத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. ஏன் அம்மா அதில் போடவில்லை?

அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கமராவுக்கும் முகம் காட்டவில்லை. நானோ படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டேன். ஊரில் உள்ள எல்லோரையும் எடுத்தவளிடம் பெற்ற தாயின் படம் இல்லை. என் கலியாண அல்பத்தில் உங்கள் இடத்தில் ஒரு சேலைத் தலைப்புத்தான் நிற்கிறது. அடையாள அட்டைக்காக வேறு வழியில்லாமல் ஒருமுறை கதிரையில் இருந்தீர்கள். அதிலும் கோழி களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பனரைப் பார்த்த கையோடு கண்ணனை அழைத்தேன்.

"இந்தப் படத்தை எங்கயடா எடுத்தனி?"

"நான் கனடாவுக்கு வெளிக்கிட முதல் அலுமாரியில கண்டனான் அக்கா. மடிச்சபடி இருந்தது, மேல அம்மாவின்ர முகம். அவா வாற சத்தம் கேட்டுது. டக்கெண்டு போனில எடுத்துக்கொண்டு வைச்சிட்டன். விரிச்சுக்கூடப் பாக்கேல்ல."

"அது அம்மாவைக் கேக்காமல் எடுத்த படம். அதில அவா கோவமா நிக்கிறா."

"கோவமோ? அதில அம்மா என்னையெல்லோ பாக்கிறா! நான் ஒவ்வொரு நாளும் அதைப் பாத்திட்டுத்தான் வேலைக்குப் போறனான். அது இல்லாட்டி எனக்கு அம்மாவே இல்லை அக்கா."

உங்களைக் கேட்காமல் எடுத்த ஒரு படம், கடல் கடந்து போன பிள்ளைக்குத் தாயாக இருக்கிறது. அது பிழை என்று நான் சொன்னால், அவனிடமிருந்து உங்களைப் பறிக்கிறேனா? இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால், உங்கள் பெயரில் சோறு போட்டு இன்னொரு ஆளை அதே மாதிரி முழிக்கவைக்க என்னால் முடியாது. அது மட்டும் எனக்கு அந்த நேரமே தெளிவாகிவிட்டது.

"பனர் அடிக்கமாட்டன். வீடியோவும் வேண்டாம். சாப்பாடு நான் குடுக்கிறன்" என்றேன்.

"படம் இல்லாட்டி இஞ்ச ஒருத்தரும் காசு தராங்கள் அக்கா. மாசா மாசம் கிடைக்கிற சாப்பாடு. உங்கட பிடிவாதத்துக்கு அந்தச் சனம் பட்டினி கிடக்கிறதோ?"

போனை வைத்துவிட்டான். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கேள்வி என்னை நித்திரைகொள்ள விடவில்லை. அவன் கேட்டது அநியாயமான கேள்வியில்லையே. என் கொள்கைக்கு அவர்களின் வயிறு ஏன் காய வேண்டும்?

அதனால் அவர்களையே கேட்டுவிடுவோம் என்று சந்தைக்குப் போனேன். பூமணி அக்காவை மறந்திருக்கமாட்டீர்கள். மரக்கறிக் கடை விறாந்தையில் படுப்பவர். சந்தைக்கு வந்தால் வெற்றிலை கொடுத்துவிட்டு அவரோடு கதைத்துக்கொண்டு நிற்பீர்கள். நான் பஸ் போகப் போகிறது என்று கத்துவேன். கடைகள் இன்னும் திறக்கவில்லை. உடுப்புப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நானும் இருந்து, "அம்மாவின்ர திவசம் அக்கா. நீங்கள் கட்டாயம் வந்து சாப்பிட வேணும்" என்றேன்.

"வீடியோ எடுப்பினமோ பிள்ளை?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"எடுத்தா என்னக்கா?"

"போன முறை அரிசிப் பை தந்தவை. 'உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ அம்மா' எண்டு போனை நீட்டினார் ஒரு தம்பி. கையில பையை வைச்சுக்கொண்டு மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னன். துணுக்காயில என்ர தங்கச்சி இருக்கிறாள். டவுனில ஒரு வீட்டில தங்கி வேலை செய்யிறன் எண்டுதான் நான் அவளுக்குச் சொல்லி வைச்சனான். அவளின்ர மருமகன் வீடியோவைக் காட்டிப்போட்டார்."

தலைமாட்டுப் பையைத் தடவினார். "முந்திப் பொங்கலுக்கு நல்ல சீலை ஒண்டு உடுத்து, பிள்ளையளுக்கு மிக்சர் வாங்கிக்கொண்டு போவன். பெரியம்மா வாறா எண்டு ஓடி வருங்கள். இப்ப எந்த முகத்தோட போறது?"

கையில் பை இருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது என்றார் அவர். உங்கள் கையில் தட்டு இருந்தது. ஆனாலும் நீங்கள் கத்தினீர்கள். கத்தியும் ஒன்றும் ஆகவில்லை. அந்த விறாந்தையில் வைத்தே அவருக்கு வாக்குக் கொடுத்தேன்: "வீடியோ இல்லை அக்கா. வெறும் சாப்பாடுதான். இது என்ர சொல்."

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பஸ் நிலையத்தில் படுப்பவர்கள், கோவில் வாசலில் இருப்பவர்கள், எல்லோரிடமும் நேரில் போய், சொந்தக்காரருக்குச் சொல்வது போலவே சொன்னேன். றோட்டில் வரிசையாக நிறுத்திப் பார்சல் கொடுப்பதில்லை, டவுனில் என் ஸ்டூடியோவுக்குப் பின்னால் பந்தல் போட்டு வாழையிலையில் பரிமாறுவது என்று முடிவெடுத்தேன். இவர் முதலில் முணுமுணுத்தார். பிறகு விறகு கொத்தினார். உங்கள் மருமகனை உங்களுக்குத் தெரியும்தானே.

அழைத்தவர்களில் பாதிக்கு மேல் நேற்று வந்தார்கள். ஒருவர் குளிக்கவில்லை என்று வாசலிலேயே வெட்கப்பட்டு நின்றார். அவரைப் பின்கிணற்றில் குளிக்கவைத்து, இவரின் சாரத்தை உடுக்கக் கொடுத்தோம். எல்லோரும் பந்தியில் இருந்து, சோறும் பருப்பும் விழுந்து, கத்தரிக்காய்க் கறிக்கு இலையில் இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வீடியோத் தம்பி வந்து சேர்ந்தார். கண்ணன் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, கள்ளன்.

நல்ல மரியாதையான பிள்ளை. வணக்கம் சொன்னார், செருப்பைக் கழற்றினார். நான் குசினிப் பக்கம் போய் அப்பளத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போனைத் தடியில் பூட்டி, "எல்லாரும் ஒருக்கா இஞ்சால பாருங்கோ" என்று கூப்பிட்டுவிட்டார்.

பூமணி அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினார். அம்மா, நீங்கள்தான். கை போன விதம், தலையைச் சாய்த்த விதம், எல்லாம் நீங்களேதான். அப்பளத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கமராவுக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி, போனை இறக்குங்கோ."

"நான் கேக்காமல் எடுக்கிறேல்ல அக்கா. எல்லாரையும் கேட்டுத்தான் எடுப்பன்."

"எப்ப கேப்பீங்கள்? சோறு போட முதலோ, போட்ட பிறகோ?"

அவர் முகம் சிவந்தது. "படம் இல்லாட்டி ஆர் நம்புவினம் அக்கா? காசை வாயில போட்டிட்டான் எண்டு என்னைத்தான் கிழிப்பினம். வீடியோ போட்டு வீடு கிடைச்ச சனமும் இருக்கு. அதையும் யோசியுங்கோ."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி வீடு கிடைத்த ஒரு குடும்பத்தை எனக்கும் தெரியும். ஆனால், பூமணி அக்காவின் முகம் இன்னும் சேலைக்குள் இருந்தது. அவருக்கு நான் சொல் கொடுத்திருந்தேன்.

"நம்பிறதுக்கு ஒரு முகம் வேணும், அவ்வளவுதானே?" என்றேன். "என்ர முகத்தை அனுப்புறன். இது என்ர அம்மாவின்ர சோறு. இதைச் சாப்பிட எனக்கு வெக்கமில்லை."

பூமணி அக்காவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். இவர் ஓடிவந்து இலை போட்டார். "தம்பி, நீங்களும் இருங்கோ. விடியச் சாப்பிட்டிருக்கமாட்டியள்" என்றேன். கொஞ்சம் தயங்கி, போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அவரும் பந்தியில் இருந்தார். நல்ல பசி போல. பாயாசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

என் போனைப் பூமணி அக்காவிடம் நீட்டி, "என்னை ஒரு படம் எடுங்கோ அக்கா" என்றேன். எனக்கு உது தெரியாது பிள்ளை என்று சிரித்தார். எழுந்து போய்க் கை கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வந்து போனை வாங்கிக்கொண்டார். எந்த வட்டத்தைத் தட்டுவது என்று காட்டினேன். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தவர், தட்டாமல் என்னைப் பார்த்து, "எடுக்கட்டோ?" என்றார்.

எத்தனை வருடமாகக் கமராவோடு திரிகிறேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை அம்மா. "ஓம், எடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு கவளம் சோற்றை வாயில் வைத்தேன். படத்தில் என் நெற்றி பாதி இல்லை. ஒரு மூலையில் அவருடைய பெருவிரல். என் வாய் நிறையச் சோறு. என் ஸ்டூடியோவில் இப்படி ஒன்று எடுத்திருந்தால் ஆட்கள் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். அதைத்தான் கண்ணனுக்கு அனுப்பினேன்.

பின்னேரம், நான் வீடு திரும்பிய பிறகு, அவன் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், வீடியோக் கோலில் வந்தான். "என்ன கோலம் அக்கா இது?"

"உன்ர பொடியளுக்குக் காட்டு. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டவை எண்டு சொல்லு."

சிரிப்பான், அல்லது கத்துவான் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்: "அம்மா உண்மையா என்னைப் பாக்கேல்லயோ அக்கா?"

நான் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்து விரித்து, போனுக்கு முன்னால் பிடித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. மேலே உங்கள் முகம். வலது கையில் தட்டு. இடது கை முதுகுக்குப் பின்னால் போகிறது. இடுப்புச் சேலையைப் பிடித்தபடி குட்டி விரல்கள் தெரிகின்றன.

"அது ஆற்ர விரல்?"

"உன்ர."

"அப்ப நான் எங்க?"

"அம்மாவுக்குப் பின்னால. நான் தண்ணிப் போத்தலோட அவாவின்ர முதுகுப் பக்கம் வந்துகொண்டிருந்தனான், கண்ணால கண்டனான். நீ எட்டி எட்டிப் பாத்தனி. அம்மா உன்ர தலையைப் பிடிச்சுப் பின்னால அமத்திக்கொண்டு நிண்டவா. நீ அந்தப் படத்தில விழக்கூடாது எண்டு." தாளில் உங்கள் கைகளைத் தொட்டுக் காட்டினேன். "ஒரு கையில தட்டடா. மற்றக் கையில நீ. தன்ர முகத்தை மூட அவாவுக்குக் கை இருக்கேல்ல."

அவன் அழுதான் அம்மா. நானும் அழுதேன். வேலைக்குப் பிந்தும் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். போனை வைக்கும்போது, "பனர் வேண்டாம் அக்கா. அடுத்த மாசமும் இப்பிடியே செய்யுங்கோ. பொடியள் தந்தாலும் தராட்டிலும் நான் தாறன்" என்றான். அவனுடைய நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. காசு குறைந்தால் கிடாரத்தைச் சின்னதாக்குவேன். கறியில் ஒன்றைக் குறைப்பேன். சோற்றை நிறுத்தமாட்டேன்.

பூமணி அக்கா பந்தலை விட்டுப் போகும்போது, "ஒரு நாளைக்குத் தலை சீவி, நல்ல சீலை உடுத்து வாறன் பிள்ளை. தங்கச்சிக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துத் தா" என்றார். வந்தால் கதிரையில் இருத்தி, அவர் சொல்கிற மாதிரி எடுத்து, அவர் கையிலேயே கொடுப்பேன். வராவிட்டாலும் பரவாயில்லை.

கலண்டர்த் தாளை நீங்கள் மடித்த மடிப்பிலேயே மடித்து, நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சுவரில் உங்கள் படத்துக்காக அடித்த ஆணியில் படம் இல்லை. மாலையை அதில்தான் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் படம் எங்கே என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு விருப்பமில்லை என்று சொல்கிறேன்.

அம்மா, ஓமந்தையில் நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இனி அந்தக் கேள்வியை நான் சுமக்கிறேன். ஒரு முகத்துக்கு நேரே கமராவைத் தூக்குமுன், அந்த ஆளின் கை வெறுமையாக இருக்கும்போதே, "எடுக்கட்டோ?" என்று கேட்பேன். பதில் வரும்வரை நிற்பேன். வேண்டாம் என்றால் கமராவை இறக்கி வைத்துவிட்டு, சோற்றைப் போடுவேன்.

அன்றைக்குத் தண்ணீர்ப் போத்தலோடு உங்கள் முதுகுப் பக்கம் நின்ற
உங்கள் மூத்த பிள்ளை,
வசந்தி